காட்டுத்தீ சீசன்: ஓசூர், கிருஷ்ணகிரி வனப்பகுதி ஓரம் வசிப்பவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியது என்ன?

ஓசூர் என்றதும் பலருக்கும் சிப்காட்டும் ரோஜாப் பண்ணைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊரைத் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போனால் காடுதான். பிப்ரவரி முதல் மே வரை இந்தக் காடுகளுக்குத் தீ சீசன். காட்டோரக் கிராமங்களும் புதிதாக முளைத்த லே-அவுட்டுகளும் அதற்கு எப்படித் தயாராவது? பார்க்கலாம்.

இங்கே ஏன் தீப்பிடிக்கிறது?

இது பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. கோடை வருவதற்குள் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். சருகு, காய்ந்த புல், மூங்கில் எல்லாம் சேர்ந்து தரை முழுக்க எரிபொருளாகக் கிடக்கும். போதாக்குறைக்கு உண்ணிச்செடிப் புதர். தரையில் ஓடும் தீயை மேலே ஏற்றிவிடும் ஏணி அது.

மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதர்களால் வருபவை. அணைக்காத பீடி, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, வயலில் கொளுத்திய தட்டையிலிருந்து காற்றில் பறக்கும் பொறி, அஞ்செட்டி - ஒகேனக்கல் போன்ற காட்டுச் சாலைகளில் வண்டியை நிறுத்திச் சமைப்பது என எதுவும் காரணமாகலாம்.

சாட்டிலைட் பார்த்துச் சொல்லாதா?

சொல்லும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் படங்களில் தெரியும் தீப்புள்ளிகளை வனத்துறைக்கு உடனுக்குடன் அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்து எஸ்.எம்.எஸ். பெறலாம்.

ஆனால் செயற்கைக்கோள் ஒரு இடத்துக்கு மேல் நாளுக்குச் சில முறைதான் கடக்கும். இடைப்பட்ட நேரத்தில் பற்றிய சின்னத் தீ தப்பிவிடலாம். அதனால் ஆடு மேய்ப்பவர் பண்ணும் ஒரு போன்தான் பல நேரம் முதல் தகவல்.

'தகவல் சொன்னா நம்ம மேலயே கேஸ் போட்டுடுவாங்களோ' என்ற பயம் இங்கேதான் ஆபத்தாகிறது. சரணாலயத்தில் தீ வைப்பதைத்தான் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. தீயைப் பார்த்துச் சொல்வது குற்றம் இல்லை.

வீடு எப்படிப் பற்றுகிறது?

தீச்சுவர் நேராக வந்து வீட்டில் மோதும் என்று நினைக்கிறோம். பல நேரம் முன்னால் பறந்து வரும் தீப்பொறிதான் வீட்டைப் பிடிக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், வீட்டைச் சுற்றி முதல் 5 அடியில் எரியும் பொருள் எதுவுமே இருக்கக் கூடாது என்கிறது. 30 அடி வரை புல், புதரைக் குறைக்கச் சொல்கிறது. நம் ஊருக்கு இதைப் பொருத்தினால்:

* கூரை, ஓட்டு இடுக்கில் சேரும் சருகை வாரம் ஒருமுறை கூட்டுங்கள்.
* வைக்கோல் போர், விறகு, வறட்டியை வீட்டுச் சுவரையும் மாட்டுக் கொட்டகையையும் ஒட்டி வைக்காதீர்கள்.
* பசுமைக்குடில் ஷீட், அட்டைப் பெட்டி, ஃபோம், லாரி பலகை போன்ற கம்பெனிக் கழிவுகளை வெட்டவெளியில் குவிக்காதீர்கள். வாடகை லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.
* காலி மனையில் காய்ந்த புல்லை வெட்டி அகற்றுங்கள். கொளுத்தாதீர்கள்.
* தொட்டி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மோட்டாரை மட்டும் நம்பாதீர்கள். தீ நேரத்தில் கரன்ட் போகலாம்.

ஊராகச் செய்ய வேண்டியது?

காட்டுக்கும் ஊருக்கும் நடுவே சருகைக் கூட்டி, மண் தெரியும்படி ஒரு பட்டை விடுவதுதான் தீத்தடுப்புக் கோடு. சீசனுக்கு முன்பே வனத்துறையிடம் பேசி இதைச் செய்ய வேண்டும். நாமே தீ வைத்துக் கோடு போடுவது கைமீறிவிடும். முதியவர்கள், குழந்தைகளை யார் அழைத்துப் போவது, மாடுகளை யார் அவிழ்த்துவிடுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, எல்லைப் பிரச்சினை. 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022-ல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு சரணாலயங்கள் கர்நாடகக் காடுகளோடு தொடர்ந்து கிடப்பவை. தீக்கு மாநிலம் தெரியாது. ஆனால் போனுக்குத் தெரியும்! எல்லையோரத்தில் கர்நாடக டவர் கிடைத்தால், அவசர அழைப்பு அந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். அதனால் உள்ளூர் தீயணைப்பு நிலையம், வனச்சரக அலுவலகத்தின் நேரடி எண்களை எல்லோரும் போனில் சேமித்து வைப்பது நல்லது.

தீ நெருங்கிவிட்டால்?

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீயில், மலையேற்றம் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். மேலே உள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதுதான் காரணம். எனவே தீக்கு மேலே, சரிவில் ஏறி ஓடக் கூடாது. காற்றின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, வெட்டவெளி, உழுத நிலம், ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம், சாலை நோக்கிப் போக வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடை உருகி உடம்பில் ஒட்டும். பருத்தித் துணிதான் பாதுகாப்பு. பச்சைக் கிளையால் அடித்து அணைப்பதெல்லாம் முழங்கால் உயரத் தீக்குத்தான், அதுவும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான். அதற்கு மேல் போனால் விலகிவிடுவதே சரி.

அவசர எண்கள்: தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. அழைக்கும்போது ஊர்ப் பெயர், பக்கத்தில் உள்ள கோயில், ஏரி அல்லது பாறை, காற்று அடிக்கும் திசை ஆகியவற்றைச் சொல்லுங்கள்.