இரும்பின் பழி மரத்துக்கு

ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று அது காட்சிக்கூடம். அந்தக் காலத்து வீடுகள் பல, லாட்ஜுகளுக்கு இடம் விட்டுவிட்டன. மிஞ்சிய வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பேச்சு ஜன்னலில் வந்து நிற்கும்: மக்கிப்போச்சு, பிடுங்கிட்டு யுபிவிசி போட்டுடலாமா?

அன்று ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே விழாது, காற்று மட்டும் வரும். வாடை அடித்தால் வடக்குப் பக்கம் சாத்துவார்கள். கச்சான் அடித்தால் மேற்குப் பக்கம். வசதி உள்ளவர்களுக்கு பர்மாத் தேக்கு, மற்றவர்களுக்கு வேம்பு, பூவரசு.

இன்றோ பல அறைகளில் ஏசி. ஜன்னல் திறப்பதற்கு என்பது போய், மூடி வைப்பதற்கு என்றாகிவிட்டது. இப்போது போடும் நகரும் கண்ணாடிக் கதவில் பாதி எப்போதும் மூடித்தான் இருக்கும். இந்த ஊர்க் காற்றைப் பாதிக்குப் பாதி வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கியது மரம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் கம்பி இறங்கும் துளையை உற்றுப் பாருங்கள். உப்புக் காற்றில் இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். துளைக்குள் இடம் இல்லாததால் சட்டத்தை நெடுக்காகப் பிளக்கும். பிளவில் மழைத்தண்ணீர் தங்கும், அப்புறம்தான் மரம் மக்கும். தேக்கின் மேல் விழும் பழி உண்மையில் கம்பியுடையது.

இந்தக் கடலின் குணம் ஊருக்குத் தெரியாததல்ல. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய எதிர்க்கரையில் மண்டபம் ஊரில் நிலையம் வைத்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தாங்கும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு ஜன்னலுக்கு மட்டும் ஏன் சாதா இரும்பு?

யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது, சரி. ஆனால் உள்ளே விறைப்புக்கு வைத்த இரும்பும், கீலும், திருகாணியும் துருப்பிடிக்கும். சிமெண்ட் நிலை வைத்தவர்கள் கதையும் இதுதான். உள்கம்பி பருத்து ஓரம் ஓரமாகப் பெயர்கிறது. மரத்தில் கெட்ட துண்டை மட்டும் அறுத்து எடுத்துப் புதுத்துண்டு சேர்க்கலாம். மற்றதில் அது நடக்காது.

ஆகவே மரமே என்று முடிவானால், ஆசாரியிடம் மரத்தைவிட இரும்பைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கீலும் கொண்டியும் பித்தளையில். கம்பிக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304-இல் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். செலவு கட்டாவிட்டால் கம்பிக்குப் பதில் மரச்சட்டமே நிறுத்தலாம். கீழ்ச்சட்டம் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். அறுத்த முனைகளுக்கு, பூட்டுவதற்கு முன்பே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு தூரிகை அங்கே போகாது. பங்குனி வெயிலில் இழைத்த கதவுக்கு இடைவெளி தாராளமாக விடவேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு ஊதி இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று. சுண்ணாம்புச் சுவரிலிருந்து பழைய நிலையைக் கடப்பாரையால் பிடுங்கினால், மேலே இருக்கும் மரப்பலகையும் அதோடு சுவரும் சரியலாம். முதலில் முட்டுக் கொடுத்து, நிலையைத் துண்டாக அறுத்து எடுக்கவேண்டும். திரும்பப் பூசுவது சுண்ணாம்பிலேயே. அறுத்த தேக்கை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஜன்னலுக்குக் கீழ்ச்சட்டம் ஒட்டுப்போட ஆகும்.