துன்ஹிந்த நீரும் கொழுந்துக் கூடையும்

பதுளைக்கு அருகேயுள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 64 மீற்றர் உயரமுடையது. உச்சி நீரிடமுள்ள அழுத்தசக்தி, வீழ்கையில் இயக்கசக்தியாகி, அடியிலே மோதி வெப்பசக்தியாகின்றது. ஒரு கிலோகிராம் நீருக்கு இது சுமார் 627 யூல். முழுவதும் வெப்பமானாலும் நீர் 0.15 பாகை செல்சியசே சூடேறும்.

மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணிடமும் சக்தி வடிவம் மாறுகின்றது: உணவின் இரசாயனசக்தி இயக்கமாகவும் வெப்பமாகவும் ஆகின்றது. நிரம்பிய கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி அவர் அசையாது நிற்பின், கூடைமீது செய்யப்படும் வேலை பூச்சியம் என்கிறது பௌதிகம். ஆயினும் அவருடைய தசைகள் சக்தியைச் செலவிட்டவாறே இருக்கின்றன.

தராசு கொழுந்தின் நிறையைக் காட்டும். அவர் செலவிட்ட சக்தியைக் காட்டாது. சக்தி சூனியத்திலிருந்து தோன்றாதாகையால், அச்செலவை உணவே ஈடுசெய்தல் வேண்டும்.