சிம்ஹ ஸ்வப்நம்: சொல்லும் பொருளும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைப்பாதை போடிமெட்டைக் கடந்து ஏலக்காடுகளுக்குள் நுழைகிறது. அப்பால் உள்ள ஓரிடத்திற்கு ஆனையிறங்கல் என்றே பெயர். யானைகள் இன்றும் நடமாடும் இச்சரிவுகளில் சிங்கம் இல்லை. இந்நாளில் பாரத தேசத்தில் அது காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் வனத்தையொட்டிய பகுதியில் மாத்திரமே. ஆயினும் வெல்லவொண்ணாத எதிரியைத் தமிழர் ‘சிம்ம சொப்பனம்’ என்றே வழங்குகின்றனர். கண்ணால் கண்டறியாத சிங்கம் இம்மலை யானையின் கனவில் வருவது எங்ஙனே? இவ்வினாவே இச்சொல்லின் உட்பொருளுக்கு வாயிலாகிறது.

சிங்கத்தைக் கனவிலே கண்ட யானை அவ்வச்சத்தாலேயே மாளும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. ‘ஸிம்ஹ ஸ்வப்நம்’ என்னும் வடமொழித் தொகை தமிழில் மட்டுமன்றித் தெலுங்கிலும் கன்னடத்திலும் இப்பொருளிலேயே வழங்குகிறது. இங்கே எதிரி வந்து தாக்கவில்லை. அஞ்சுகிறவனுடைய நெஞ்சே அவனுக்குக் கொலைக்கருவியாகிறது. இதுவே இச்சொல்லின் தனிச்சுவை.

ஆங்கிலத்தில் இதனோடு ஒத்து வழங்கும் ‘நெமிசிஸ்’ என்பது ஒரு யவன தேவதையின் பெயர். ஹெஸியட் என்னும் பழங்கவி அவளை இரவின் மகள் என்பர். உரியதைப் பகிர்ந்தளித்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் அது. செருக்குற்றோர்க்கு உரிய பலனை அளப்பவள் அவள். வெல்லவொண்ணாத எதிரி என்னும் பொருள் பிற்காலத்தது.

நம் இதிஹாஸ புராணங்களில் இச்சொல்லுக்கு இலக்கியமாவார் இருவர். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும், உள்ளும் புறமும், பகலும் இரவும் சாவாதபடி வரம் பெற்றான். தான் எண்ணிய வாயில்களையெல்லாம் அடைத்தவனுக்குக் கனவிலும் எண்ணாத சிங்கம் தூணிலே தோன்றிற்று; திருவாய்மொழி 2-8-9 இதனையே பேசுகிறது. வடமொழி ‘ஹரி’ திருமாலையும் சிங்கத்தையும் குறிக்கும். ‘அரி’ பகைவனைக் குறிக்கும். இரண்டும் தமிழில் ‘அரி’ என்றே ஒலிப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

கம்ஸனோ அசரீரி கேட்ட நாள் முதலாக அஞ்சியவன். இருக்கும்போதும் கிடக்கும்போதும் உண்ணும்போதும் அவன் எம்பெருமானையே நினைத்து, உலகமெல்லாம் அவனாகவே கண்டான் என்கிறது ஸ்ரீபாகவதம் பத்தாம் ஸ்கந்தம். மடிவதற்கு முந்தைய இரவு அவன் கண்டவை துஸ்ஸ்வப்நங்கள். விடிந்தபின் முதலில் விழுந்தது குவலயாபீடம் என்னும் அவனுடைய யானை. ஏழாம் ஸ்கந்தத் தொடக்கத்தில் நாரதர், கோபியர் காமத்தாலும், கம்ஸன் பயத்தாலும், சிசுபாலன் முதலானோர் த்வேஷத்தாலும் அவனிடத்தே நெஞ்சு பதிந்தவர்கள் என்று யுதிஷ்டிரருக்கு உரைக்கிறார்.

இனி, கனவில் வந்த சிங்கம் பொய்யன்றோ என்னில், அன்று. ஸ்ரீபாஷ்யத்தில் ஸந்த்யாதிகரணத்தே எம்பெருமானார், கனவில் தோன்றும் பொருள்களும் ஈச்வரனாலே படைக்கப்படுகின்றன என்று நிர்வஹித்தருளினார். அவரவர் புண்ய பாபத்திற்குத் தக்கபடி, அவரவரே அனுபவிக்கும்படி, அவ்வளவு காலமே நிற்பனவாக அவை படைக்கப்படுகின்றன. உறங்குவோரிடத்தில் உறங்காது படைப்பவனாகக் கடோபநிஷத்து கூறுவதும் அவனையே. ஆகவே யானை சிங்கத்தை முன்பு கண்டிருக்க வேண்டுவதில்லை. அதன் வினைக்கு உரிய பலனை அளக்கிறவன் அவன். யவனர் ஒரு தேவதைக்குக் கொடுத்த தொழில் நம் ஸித்தாந்தத்தில் கர்மபல ப்ரதனான எம்பெருமானிடத்தே சேர்கிறது.

ஆனால் அவனை ஒருவனுக்கு எதிரி என்னலாமோ? எதிரிக்கு ஒப்புமை வேண்டும். அவனோ ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவன். தனக்கு வெறுக்கத்தக்கவன் எவனுமில்லை என்று கீதை ஒன்பதாம் அத்தியாயத்தில் தானே அருளிச்செய்தான். இங்கே பிள்ளை லோகாசார்யர் கைகொடுக்கிறார். ஈச்வரன் அவதரித்துச் செய்த ‘ஆனைத்தொழில்கள்’ அனைத்தும் அடியார்க்கு இழைத்த அபசாரம் பொறாமையாலே என்று ஜீயர் அருளிச்செய்ததாக ஸ்ரீவசந பூஷணம் காட்டுகிறது. இரணியன் நெடுங்காலம் தன்னையே தெய்வமாக மதித்திருந்தும் சிங்கம் தோன்றவில்லை. சிறுபிள்ளையான ப்ரஹ்லாதனை நலிந்தபோதே தோன்றிற்று.

யானையின்மேல் சீறும்போதும் சிங்கம் தன் குட்டிக்கு முலை கொடுக்கும் என்பது வியாக்யானங்களில் வழங்கும் த்ருஷ்டாந்தம். ஒரே சிங்கம், ஒரே சீற்றம். யானைக்கு அது ஸ்வப்ந பயம், குட்டிக்கு அதுவே காவல். சிங்கத்தின் உருவிலே பேதமில்லை. நாம் அடியார்திறத்து நிற்கும் நிலையிலேயே பேதம். பாகவதாபசாரத்துக்கு அஞ்சுகிறவனுக்கு வேறு அஞ்சவேண்டுவதில்லை என்பதே இச்சொல்லால் நாம் தேறும் பொருள்.