கேளாத கிற்றார்

சென்ற ஆண்டு கிளிவெட்டியில் ஓர் ஆலயத் திருவிழா இரவு. பூசை முடிந்து, மக்கள் வீதியிலே பாய் விரித்து அமர்ந்த பின்னர், ஊர் இளைஞர் அறுவர் சேர்ந்து மெல்லிசை நிகழ்ச்சியொன்றை நடத்தினர். அவர்களுள் இருவர் என்னிடம் படித்தவர்கள். நிகழ்ச்சி முடிந்து நான் சைக்கிளை எடுக்கும் வேளையில், அவ்விருவரில் ஒருவனுடைய தாயார் என்னிடம் வந்தார்.

“சேர், எங்கட பொடியன் விடியும்வரைக்கும் நிண்டு வாசிச்சவன். பாட்டுக் கேட்டது, மேளம் கேட்டது, ஓர்கன் கேட்டது. இவன் வாசிச்சது மட்டும் எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே?”

பையன் வாசித்தது பேஸ் கிற்றார். அதை வாங்குவதற்காக அந்த அம்மையார் தமது காப்பு இரண்டையும் வங்கியில் அடகு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் கேட்டது இசை பற்றிய கேள்வி மட்டுமன்று. அன்றிரவு நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இங்கு எழுதுகிறேன்; பிள்ளைகளுக்கு இத்தகைய வாத்தியம் வாங்கிக் கொடுக்க எண்ணும் ஏனைய பெற்றோருக்கும் அது பயன்படலாம்.

பேஸ் கிற்றாருக்குப் பெரும்பாலும் நான்கு கம்பிகளே உண்டு. சாதாரண கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு உரிய சுரங்களே இவற்றுக்கும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அடுத்தவை முறையே 55, 73, 98. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் கீழெல்லை ஏறக்குறைய 20 அதிர்வு என்றால், இவ்வாத்தியம் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் நடமாடுகிறது என்பதை ஊகிக்கலாம்.

செவியின் இயல்பு ஒன்றை இவ்விடத்தில் அறிதல் வேண்டும். நடுத்தர ஒலிகளை, அதாவது குழந்தையின் அழுகை, மனிதப் பேச்சு போன்றவற்றை, நமது காது மிக எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. தாழ்ந்த ஒலிக்கோ அது பாதி செவிடு. பாடகரின் குரலுக்குச் சமமாகப் பேஸ் கேட்க வேண்டுமாயின் அதற்குப் பன்மடங்கு சக்தி தேவை. அந்த ஒலியின் அலை நீளமும் பெரிது. 41 அதிர்வுடைய சுரத்தின் ஓர் அலை காற்றிலே எட்டு மீற்றருக்கும் மேற்பட்டது. சுவருள்ள மண்டபத்தில் அது மோதித் திரும்பி வலுப்பெறும். கோயில் வீதியிலோ திரும்பி வருவதற்குச் சுவரே இல்லை. அலை வயல்வெளியை நோக்கிப் போனது போனதுதான்.

இதற்கு மேல் நம்மூர் ஒலிபெருக்கியின் திருவிளையாடல். மரத்திலே கட்டித் தொங்கவிடும் புனல் வடிவக் குழாய் பேச்சுக்கென்றே ஆக்கப்பட்டது. ஏறக்குறைய 300 அதிர்வுக்குக் கீழே உள்ளவற்றை அது வெளிவிடுவதே இல்லை என்று சொல்லலாம். பையனின் தடித்த கம்பிச் சுரங்கள் அனைத்தும் அந்தக் குழாயின் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டன. ஆகவே தாயார் சொன்னது முழு உண்மை. அவருக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

ஆனால் விசித்திரம் ஒன்றுண்டு. சிறிய கைவானொலியில் பாட்டுக் கேட்கும்போது அதன் ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலியைத் தருவதில்லை. இருந்தும் நாம் பேஸை உணர்கிறோமே, எவ்வாறு? ஒரு கம்பி அதிரும்போது அதன் அடிச்சுரத்தோடு இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வுகளும் உடன் பிறக்கின்றன. அந்த மேற்சுரங்கள் காதுக்கு எட்டினால், வராத அடிச்சுரத்தை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே பேஸ் வாசிப்பவன் கேட்கப்பட வேண்டுமானால், அம்பிளிபயரில் ‘பேஸ்’ என்று எழுதியுள்ள திருகை முழுவதும் திருப்புவது வழியன்று. அதைச் சற்றுக் குறைத்து, நடு ஒலியைக் கூட்ட வேண்டும். தனியே அறையில் வாசிக்கும்போது இனிமையாக முழங்கும் தொனி, மேளமும் ஓர்கனும் சேர்ந்தவுடன் கரைந்து போவதன் காரணமும் இதுவே. இதைப் பையன்களுக்கு நம்பவைப்பது கணிதம் கற்பிப்பதைவிடக் கடினம்.

இவ்வாத்தியம் பிறந்ததே கேளாமை என்ற குறையினால்தான். முன்பு மேல்நாட்டு நடனக் குழுக்களில், ஆளுயரத்திற்கும் மேற்பட்ட மர வாத்தியமொன்றை நின்றுகொண்டு மீட்டினார்கள். அதைச் சுமப்பதும் கடினம்; மற்ற வாத்தியங்களிடையே கேட்பதும் அரிது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர் 1951 இல், தோளிலே மாட்டிக்கொள்ளக்கூடிய மின்சாரப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு இருப்பதுபோன்ற உலோக மெட்டுகள் அதில் பதிக்கப்பட்டிருந்தமையால், விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாது விழுந்தது. ஆகவே ‘துல்லியம்’ என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயரையே சூட்டினார். பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது மாணவர் கவனிக்கத்தக்க செய்தி. இன்று கடைகளில் விற்கும் பேஸ் கிற்றார்களுள் மிகப் பல, அவர் வகுத்த 34 அங்குலக் கம்பி நீளத்தையே பின்பற்றுகின்றன.

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல தொனி வரும் என்று எண்ணுவோருக்கு ஜேம்ஸ் ஜேமர்சனின் கதை நல்ல மருந்து. டிட்ரொயிட் நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் நூற்றுக்கணக்கான பாடல்களில் பேஸ் வாசித்தவர் அவர். வலக்கையில் ஒரேயொரு சுட்டுவிரலினால் மட்டும் மீட்டினார். கம்பி அறுந்தாலன்றி அதை மாற்றமாட்டார். பழைய கம்பியின் அழுக்கிலேதான் தொனி இருக்கிறது என்பது அவர் கொள்கை. உலகமெங்கும் வானொலிகளில் அவர் வாசிப்பு ஒலித்த காலத்தில் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். இசைத்தட்டின் உறையிலே அவர் பெயர் முதன்முதலாக அச்சேறியது 1971 இல். 1983 இல் அவர் காலமானார். அவருடைய கிற்றார் அதற்குச் சிறிது முன்னரே களவு போயிற்று.

பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியும் விரும்பி இதை எடுத்தவரல்லர். பேஸ் வாசித்தவர் குழுவை விட்டு நீங்க, வேறெவரும் முன்வராததால் 1961 இல் அது அவர் தோளில் விழுந்தது. நம்மூர்க் குழுக்களிலும் இதே வழக்கம்தான்; நன்றாகக் கிற்றார் வாசிப்பவன் கிற்றார் வாசிப்பான், மிஞ்சியவன் பேஸ் வாசிப்பான். இது தவறான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

ஏன் தவறு என்பதைத் தமிழ் இசையிலேயே காட்டலாம். இளையராஜாவின் 1980களின் பாடல்கள் எதையேனும் காதுக்குழல் மாட்டிக் கேளுங்கள். பாடகர் ஒரு வழியிற் செல்ல, பேஸ் கிற்றார் கீழே தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே செல்லும், இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. 1980 இல் வெளிவந்த ‘மூடுபனி’ படப்பாடல்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸ் நெடுங்காலம் வாசித்தார். பின்னர் அவருடைய மேடைகளில் மோகினி டே என்ற இளம்பெண் இதே வாத்தியத்தை ஏந்தி நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ‘இது ஆண்பிள்ளைகளின் வேலை’ என்று கருதும் வீடுகளில் அந்த ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டலாம்.

திருகோணமலைக்கும் இத்துறையில் பழைய உரிமை உண்டு. பரமேஸ், கோணேஸ் என்ற சகோதரர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிருந்து சொந்தத் தமிழ்ப் பாடல்களை மெல்லிசையாக்கி இசைத்தட்டிலும் ஏற்றினார்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பொப்பிசையால் இலங்கைத் தமிழரைத் துள்ளவைத்த காலமும் அதுவே.

என்னுடைய அனுபவம் மிகச் சிறிது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபோது நாங்கள் சில நண்பர்கள் ஒரு குழு அமைத்தோம். நான் பேஸ் வாசித்தேன். குழுவில் மிஞ்சியவன் நான்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குத் தரைவழி போவதென்றால் பாதைப்படகுகளுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஆகவே மூதூரிலிருந்து படகில் ஏறுவோம். இரண்டு பேர் தூக்கும் ஸ்பீக்கர் பெட்டியைப் பலகையில் வைத்து, அலை தெறிக்காதபடி மீன் மூடும் படங்கினால் போர்த்திக்கொண்டு போனோம். நிகழ்ச்சியில் மூன்று நாட்களுக்கு அந்தப் பெட்டியில் மீன் நாற்றம் வீசியது. 2006 இல் மூதூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியும் கிற்றாரும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. குழுவில் இருந்தவர்கள் இன்று மூன்று நாடுகளில் இருக்கிறார்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். வைத்திருப்பது சிறு தொகையானால், அதிற் பெரும்பகுதியைக் கிற்றாரிலன்றி அம்பிளிபயரிலும் ஸ்பீக்கரிலும் போட வேண்டும். மலிவான கிற்றாரையும் கம்பியின் உயரத்தைச் சரிசெய்து, கழுத்து வளையாமல் திருத்தி வாசிக்கலாம். சிறிய ஸ்பீக்கரிலே பேஸை முழக்கினால் அதன் கடதாசி கிழிந்துவிடும். வீட்டுப் பயிற்சிக்கு 30 வாட் தாராளம். மேளத்தோடு சேர்ந்து மண்டபத்தில் வாசிக்க நூறு வாட்டுக்கு மேல் வேண்டும். சத்தம் இருமடங்காகக் கேட்க வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும் என்பதை விற்பனையாளர் எவரும் சொல்லமாட்டார். திருகோணமலைக் கடற்காற்றும் கைவியர்வையும் கம்பியை விரைவில் துருவேற்றும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியினால் துடைத்துவிடுக.

வாசிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. பேஸ்காரனின் நண்பன் கிற்றார்காரனல்லன், மேளக்காரன். மேளத்தின் காலடி விழும் அதே கணத்தில் பேஸின் சுரம் விழ வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி எப்படிச் சட்ஜமத்தோடு ஒட்டி நிற்கிறதோ அப்படி. அதற்கு மேல், அடித்த கம்பியை எப்போது நிறுத்துவது என்பதே கலை. இடக்கை விரலைச் சற்றுத் தளர்த்தி ஒலியை அணைக்கப் பழகாதவனின் வாசிப்பு, மழைநீர் வடியாத முற்றம்போல் இருக்கும்.

பெற்றோர் அறியவேண்டிய அபாயம் ஒன்று. 1972 இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார்க் கலைஞர், நிலத்தொடுப்பு இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்தாக்கி இறந்தார். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். திருவிழாப் பந்தலின் தற்காலிக இணைப்புகளைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று முனைச் செருகியின் நிலத்தொடுப்பு முனையை வெட்டிவிட்டுச் செருகும் வழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கலாகாது. அம்பிளிபயர் உறுமுகிறது என்றுதான் பையன்கள் அதை வெட்டுகிறார்கள். அந்த உறுமல் 50 சுழற்சியுடைய மின்சாரத்தினுடையது. தடித்த கம்பியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரமோ 49. என் மாணவன் ஒரு வாரமாக அவ்வுறுமலைத் தன் கம்பியின் ஓசை என்றே எண்ணிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்!

திருவிழா முடிந்து சில வாரங்களின் பின் அவர்கள் ஒரு வீட்டு விறாந்தையில் ஒத்திகை பார்த்தார்கள். நான் அந்தத் தாயாரையும் வரும்படி சொல்லியிருந்தேன். ஒரு பாட்டின் நடுவே, சரணம் தொடங்கும்போது, பையனுக்குக் கண்காட்டினேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள். தேநீர்க் கோப்பையோடு இருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன, கரண்ட் போயிட்டுதோ?” என்றார்.

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. பையன் மறுபடியும் கம்பியைத் தொட்டான். அவர் சிறிது நேரம் மகனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் கேட்டது, அம்பிளிபயர் ஒன்று என்ன விலை வரும் என்பதையே. காப்பு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.