பாறை வெடித்த பின்

கோலார் தங்கவயலின் வடபால் அமைந்தது பாலகாட் சுரங்கம். அதன் தெற்கே நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என வரிசையாகச் சுரங்கங்கள் இருந்தன. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் பலர் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது.

அவ்வாழத்தில் பாறை தாங்கும் சுமை பெரிது. தாதுவை வெட்ட வெட்ட, எஞ்சிய பாறை அழுத்தம் தாளாமல் திடீரெனச் சிதறும். இதுவே பாறைவெடிப்பு. மேலே வீடுகளும் அதிரும். உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: "நம்மவர் எந்த ஷிப்டு?"

தேடல் எங்ஙனம் நடக்கும்? சுரங்கத்தில் இறங்குவோர்க்கு எண் பொறித்த வில்லை உண்டு. மேலே வந்தவரின் வில்லை திரும்பும். திரும்பாத வில்லை, உள்ளே இருப்பவர் யாரெனச் சொல்லும். எங்கே வெடித்தது என்பதை அதிர்வுமானிகள் காட்டும். பல கருவிகளை அதிர்வு எட்டிய நேர வேறுபாட்டைக் கணக்கிட்டால் இடம் புலப்படும். ஆயினும் மீட்போர் விரைந்து பாய இயலாது, மீண்டும் வெடிக்கலாம். முட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற பாடம் மூடப்படவில்லை. காணாமற்போனவரைத் தேடும் வேலை, அவர் உள்ளே செல்லும்போதே தொடங்குகிறது, நண்பர்களே! உள்ளே செல்லும் ஒவ்வொருவரையும் கணக்கில் கொள்ளாத தொழில் எதுவாயினும், அவரைத் தேடவும் அதற்குத் தெரியாது.