வரவும் செலவும்

உணவின் ஆற்றலைக் கிலோகலோரி என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். கொழுப்பு 9 தரும். வரவு செலவை மிஞ்சினால், எஞ்சியதை உடல் கொழுப்பாகச் சேமிக்கிறது.

கவனியாத சிறு வரவுகளே நம் கணக்கைப் பெருக்குகின்றன. தேநீர்க் கோப்பைக்கு மூன்று கரண்டிச் சீனி எனக் கொள்வோம். கரண்டிக்கு 4 கிராம். நாளுக்கு மூன்று கோப்பையெனில் 36 கிராம், அதாவது 144 கிலோகலோரி. அதைச் செலவிட ஏறத்தாழ அரைமணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். காப்பிக்கடையில் ‘கோசோங்’ என்னும் மலாய்ச் சொல்லைச் சொன்னால், அந்தச் சீனி கோப்பைக்கு வருவதே இல்லை.

அப்படியாயின் நடை தேவையில்லையா? தேவையே. உடற்பயிற்சியின் பயன் ஆற்றலைச் செலவிடுவதோடு முடிவதில்லை. இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, இதயம் வலுப்பெறுகிறது. உணவைக் குறைப்பதால் மட்டும் இவ்வலிமை கிட்டாது. பெரியவர்களுக்கு வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடமும், 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும் உடலியக்கம் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எனவே, தேர்வு நெருங்கும்போது உடற்கல்வி வகுப்பை வேறு பாடத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.