முதலில் காது, பிறகு கண்

வாசிக்கும் ஊர்கள் – 12

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் தெரு முடிகிற இடத்தில், 1568-ல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தரையில் பதித்த சீன ஓடுகளையும் தொங்கு விளக்குகளையும் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஆலயத்தின் பெரிய சொத்து ஒரு செப்பேடு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் 72 சலுகைகளும் தந்த சாசனம் அது. மொழி நம் தமிழுக்கு மிக நெருக்கம். எழுத்து, வட்டெழுத்து.

அதன் படத்தை நன்றாகப் படித்த தமிழர் ஒருவரிடம் நீட்டினால் முதல் வரியிலேயே திணறிப்போவார். கல்வெட்டு தெரிந்தவர் அதையே வாய்விட்டுப் படித்தால், ‘முயிரிக்கோடு’ என்பது முசிறி என்று சட்டென்று பிடிபடும். ‘இசுப்பு இரப்பான்’ யார் என்பதும் விளங்கிவிடும். மொழி நமக்குள்ளேதான் இருக்கிறது, எழுத்துதான் வழிவிடவில்லை.

மூன்றாம் வகுப்பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் பல பிள்ளைகளின் நிலையும் இதுதான். வாய் ஓயாமல் பேசும், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். வரி மட்டும் நகராது. பள்ளிப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 44.8 சதவீதம்தான். மீதிப் பேரை ‘மண்டையில் ஏறாதவர்கள்’ என்று ஒதுக்கினால் அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களையே ஒதுக்குகிறோம்.

கொச்சி யூதப் பெண்கள் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வழி காட்டுகிறார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் அவர்கள் மலையாளப் பாட்டுகள் பாடினார்கள். அவற்றைத் தங்கள் கையாலேயே நோட்டில் எழுதி, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் படியெடுத்து வைத்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போனபோது நோட்டுகளும் கூடவே போயின. அவற்றிலிருந்து தொகுத்த பாடல்கள் ‘கார்குழலி’ என்ற நூலாக 2005-ல் வந்தன. பாட்டி பாடிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டை ஒரு சிறுமி நோட்டில் பார்க்கும்போது அந்த எழுத்து அவளை எப்படி மிரட்டும்? அடுத்த சொல் என்ன என்பது காதுக்கு ஏற்கெனவே தெரியுமே!

1990-ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கியது கொச்சி இருக்கும் எர்ணாகுளம். பிறகு அதற்கு வேறொரு சவால் வந்தது. வேலை தேடி வந்த வங்காள, ஒடிய, இந்தி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் மலையாள வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். 2017-ல் மாவட்ட நிர்வாகம் ‘ரோஷ்ணி’ திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி தொடங்கும் முன்பே தனி வகுப்பு, கூடவே காலை உணவு. பிள்ளையின் மொழியில் பேச்சைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மலையாளச் சொற்களைக் கலந்து, பிறகுதான் எழுத்து. பிள்ளை எதைக் கொண்டுவந்ததோ அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால்தான் இந்தத் திட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். தேவையான வேலைதான். ஆனால் மலர் நிலைக்கு வந்த பிள்ளையின் கைக்கு அடுத்து என்ன போகிறது? நூலக அலமாரி பூட்டியே கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், படிக்கப் பிடிக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் பத்து நிமிடம் நீங்கள் ஒரு நல்ல கதையை வாய்விட்டுப் படியுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். திணறும் பிள்ளையை முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லாதீர்கள். கேட்ட கதையின் புத்தகத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் நீலம்பேரூர்: பி.என். பணிக்கர் 1926-ல் நூலகம் தொடங்கிய ஊர்.